படிக்கட்டில் இன்னொரு தபால்

தொட்டி நிரம்பிவிட்டது, தண்ணீர் மோட்டாரை நிறுத்துங்க என்று அப்பாவிடம் சொல்ல அவள் மாடிக்குப் போகவேயில்லை. ஆனாலும் மோட்டார் நின்றது.

அந்த வீட்டுச் சங்கதி தெருவுக்கே தெரியும். கீழே தையல் மிஷினோடு அம்மா, மேலே கடிகாரம் பழுது பார்க்கும் அப்பா. இருவரும் முகம் கொடுத்துப் பேசி ஐந்து வருடம் ஆகிறது. என்ன சண்டை என்று மூன்று பேரைக் கேட்டால் நான்கு கதை கிடைக்கும், நமக்கெதற்கு. "சாப்பாடு ஆயிடுச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு", "உப்பு தூக்கலா இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்று பத்து வயதிலிருந்து ஏறி இறங்கிய மகளுக்குத் தெரு வைத்த பெயர் தபால். "என்ன தபால், இன்னிக்கு என்ன சேதி?" என்றால் முன்பெல்லாம் சிரிப்பாள். பதினைந்து முடிந்ததும் முறைக்க ஆரம்பித்தாள்.

அவள் ஒன்றும் யோக்கியமான தபால் இல்லை. "அந்த மனுஷன் எக்கேடு கெட்டா எனக்கென்ன" என்று கீழே புறப்பட்டது, மேலே போய்ச் சேரும்போது "அம்மாவுக்குத் தலைவலியாம்ப்பா" என்று ஆகியிருக்கும். அந்தக் குடும்பம் இத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருந்ததே அவள் புளுகில்தான். போன திங்கட்கிழமை அவளுக்கே அலுத்துவிட்டது. "இனிமே நீங்களே பேசிக்குங்க" என்று சொல்லிவிட்டாள். வேறு வழியில்லாமல் வாயைத் திறந்துதானே ஆகவேண்டும்? அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான், ஒரே அறையில் இரண்டு பேரும்.

இன்று சனிக்கிழமை மத்தியானம். மோட்டார் அடங்கிய பிறகு, கீழே மிஷின் எண்ணெய் வாசனையும், மேலே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத முப்பது கடிகாரங்களின் டிக்டிக்கும், இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இருட்டு மூலையில் யாரோ ஈரக்காலை ஒவ்வொரு படியிலும் ஒட்டி ஒட்டிப் பிரித்தெடுத்து இறங்குகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தமும் அந்த வீட்டில் இருந்தன.

பேசிவிட்டார்களோ என்ற சந்தோஷத்தில் அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அம்மா, அப்பாகிட்ட பேசினியா?"

அம்மா துணியின் மேல் குனிந்திருந்தாள். "நான் எதுக்குடி பேசணும்? போய்ச் சொல்லிட்டு வந்துடுச்சே."

"நான் போகலம்மா."

"தெரியும்."

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"நீ மாட்டேன்னுட்டே. மறுநாள் அது வந்து நின்னுச்சு. அச்சு அசல் உன்னை மாதிரிதான். சொன்னதை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்குது. இத்தனை வருஷமா நீ என்னென்ன மாத்திச் சொன்னேன்னும் சொல்லிடுச்சு."

ஊசிக்கு அடியில் பள்ளிக்கூடச் சட்டை ஒன்றின் கை நகர்ந்துகொண்டிருந்தது. மேசையைத் தாண்டி, தரையில் விழுந்து, இன்னும் நீண்டுகொண்டே போனது.

அவள் மாடிக்கு ஓடினாள். திருப்பத்தில் படி ஈரமாக இருந்தது. நிற்கவில்லை.

அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், கண்ணில் லென்ஸோடு.

"அப்பா!"

"அம்மா என்ன சொல்லி விட்டா?"

"ஒண்ணும் சொல்லலப்பா. கீழே..."

"ஒண்ணும் சொல்லலேன்னா நீ எதுக்கு வந்தே?"

அவள் அவர் தோளைத் தொடக் கை நீட்டினாள்.

"நானும் அம்மாவும் பேசி முடிவு பண்ணிட்டோம்," என்றது அப்பாவின் குரல். "வீட்டுக்கு ஒருத்தி போதும்."

பேசி. ஐந்து வருடமாய் அவள் காத்திருந்த சொல். ஒரு நொடி, பாழாய்ப்போன மனசு துள்ளியது.

படியில் சத்தம். ஒட்டி. பிரிந்து. ஒட்டி.

ஒன்றல்ல. இரண்டு ஜோடிக் கால்.

கடிகாரங்கள் நின்றன.

முதலில் அம்மா வந்தாள், ஐந்து வருடத்தில் முதல்முறையாக மாடிக்கு. அப்பா எழுந்து வாசலில் அம்மா பக்கத்தில் போய் நின்றார். பின்னாலேயே அது வந்தது. அவளுடைய பின்னல். அவளுடைய முகம். இருவருக்கும் நடுவில் புகுந்து, நீண்ட கைகளால் இரண்டு பேரின் கையையும் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அவள் அவர்களை நேருக்கு நேர் பார்த்தாள். மூக்குக்குக் கீழே, மோவாய் வரை, இரண்டு முகத்திலும் வெறும் தோல். மழமழவென்று. வாய் இருந்த தடமே இல்லை. அப்படியானால் இத்தனை நேரம் அவர்கள் குரலில் பேசியது?

அது வாயைத் திறந்தது.

"இவளை உள்ளே வெச்சுக் கதவைச் சாத்திடட்டுமா?" என்று அவளுடைய குரலில் கேட்டது.

அம்மாவும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, சேர்ந்தாற்போல் தலையாட்டினார்கள்.