காசிச் சொம்பும் மடக்கிய காலும்

ஓய்வுபெற்ற போலீஸ் டாக்டர் கோதண்டபாணி அவசரப்பட்டதைப் பெரிய காஞ்சிபுரத்தில் யாரும் பார்த்ததில்லை. ஒருமுறை வேட்டியில் தீப்பிடித்தபோதுகூட, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் அணைத்தார் என்று சோடாக்கடை கலியன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான். அம்சவேணி அழுதுகொண்டே வந்த காலையிலும் கலியன் டாக்டர் வீட்டில்தான் இருந்தான்.

"ஐயா, மாமனார் போயிட்டாரு. கஷாயத்துல நான் விஷம் வெச்சேன்னு அவரு அக்கா போலீசுக்கு ஆள் அனுப்பிக்கீது."

மூவரும் கிளம்பி அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் கலியன் மனத்துக்குள் பாதித் தெருவைக் கைது செய்துவிட்டான்.

வாசலில் கிடந்த ஒரு ஜோடிச் செருப்பில் இடதின் வார் மட்டும் அறுத்துத் தளர்த்தப்பட்டிருந்தது. கூடத்தில் நெசவாளி வீரபாகுவின் உடல். மூலையில் கங்கை நீர் நிரப்பி ஈயம் வைத்து அடைத்த காசிச் சொம்புகள். அக்காவும் தம்பியும் யாத்திரை பஸ்ஸில் முந்தாநாள்தான் திரும்பியிருந்தார்கள். அக்கா பூவம்மாள் சுவரோரம் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடக்கிய காலில் வெள்ளிக் காப்பு இருந்தது. நீட்டிய காலில் இல்லை.

"கஷாயம் குடிச்சான், போனான்! இவ கையால இனி பச்சத்தண்ணி தொடமாட்டேன்."

"மூச்சு வாங்கினது கஷாயத்துக்கு முன்னாலயா?" என்றார் கோதண்டபாணி.

"முன்னாலதாங்க," என்றாள் அம்சவேணி. "கிணத்தடிக்குப் போயிட்டு வந்தவருக்குத் திடீர்னு மூச்சு இறைச்சுது. நெஞ்சு குத்துதுன்னாரு. இருமினா ரத்தம். அதுக்கப்பறந்தான் சுக்கு தட்டிப் போட்டேன்."

கோதண்டபாணி வீரபாகுவின் வேட்டியை விலக்கிப் பார்த்தார். இடது கெண்டைக்கால் பூசணி, வலது முருங்கைக்காய். பிறகு மிச்சமிருந்த கஷாயத்தை எடுத்துக் குடித்தார். கலியன் கண்ணை மூடிக்கொண்டு அவருக்கு மாலை வாங்கப் போய்விட்டான், மனத்துக்குள்.

"சுக்கு தூக்கல். விஷம் ஒத்தக் காலைத் தேடிப் பிடிச்சு வீங்கவைக்காதும்மா. பஸ்ஸுல காலை எங்க வெச்சீங்க?"

"எங்கய்யா வெக்கிறது?" என்றாள் பூவம்மாள். "சீட்டுக்கடியில கங்கை. கால் படலாமா? சம்மணம் போட்டு அசையாம வந்தோம். அடிக்கடி எறங்கணுமேன்னு தண்ணியும் குடிக்கல."

"தறியில ஓயாம மிதிச்ச கால் அது. அப்ப ரத்தம் ஓடிச்சு. பஸ்ஸுல மடக்கியே வெச்சதும் உறைஞ்சு கட்டியாச்சு. வயசு, வறண்ட உடம்பு எல்லாம் சேந்துக்கிச்சு. இன்னிக்கு நடக்கிறப்ப அது கழண்டு நுரையீரல்ல போய் அடைச்சிருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில அறுத்துப் பாத்தா கட்டிதான் கிடைக்கும். சரி, உங்க இன்னொரு காப்பு எங்க?"

"வீங்கி இறுக்கிச்சு. கழட்டிட்டேன்."

"மூச்சு?"

"காத்தால இருந்து கொஞ்சம்... அழுததாலன்னு நெனச்சேன்."

அம்சவேணி ஓடிவந்து அந்தக் காலைப் பிடித்துவிடக் குனிந்தாள்.

"தேய்க்காதே! அவங்க நடக்கவும் கூடாது!" என்று கத்திவிட்டு, கோதண்டபாணி டாக்சி பிடிக்கத் தெருவில் ஓடினார். இதை இன்றுவரை கலியன் சொல்லி ஒருவரும் நம்பவில்லை.

டாக்சியில் பூவம்மாளின் தலை அம்சவேணியின் மடியில் இருந்தது.

"தண்ணி..."

முன்சீட்டிலிருந்து கலியன் ஒரு சோடாவை நீட்டினான்.

"உன்னை யாருடா கேட்டா?" என்றாள் பூவம்மாள். "அம்சா, நீ குடுடி."