ஜெசிந்தா டீச்சரின் புருவம்

முத்துராக்கின் விரல் மருந்துப் பெயர் எழுதிய நான்கு அட்டைகளின் மேல் மெல்ல ஊர்ந்தது. மூன்றாவது அட்டைக்கு வந்ததும் ஜெசிந்தா டீச்சரின் புருவம் ஓர் இம்மி உயர்ந்தது. விரல் அங்கேயே நின்றது.

"இதான் இருமல் மருந்து."

"கரெக்ட் அக்கா!"

டீச்சரின் நெற்றியிலும் கழுத்திலும் தோல் நிறத்தில் ஒட்டுகள் இருந்தன. பாவம், தீராத கழுத்து வலி போல என்று முத்துராக்கு நினைத்திருந்தாள். உண்மையில் அவை மெய்க்குறிப்பான்கள் என்ற சிறு மின்கருவிகள். வயது வந்தவர்கள் கூச்சப்பட்டே பாதியில் படிப்பை விட்டு ஓடுகிறார்கள், ஆசிரியரின் முகமும் கையும் தைரியம் கொடுத்தால் தங்குகிறார்கள் என்று எவரோ கண்டறிய, முதியோர் கல்விக் கூடம் அவற்றை வாங்கி மாட்டிவிட்டது. மாணவரின் கண் தடுமாறும் முன்பே அவை ஆசிரியரின் தசையைச் சுண்டிவிடும். சரியான விடைகள் எந்த அசைவால் கூடுகின்றனவோ அதையே இன்னும் செய்யும். விடை எப்படி வந்தது என்பதைப் பற்றி ஒட்டுக்கு என்ன கவலை?

ஆஸ்பத்திரியில் பதினோரு வருடம் தரை துடைத்தவள் முத்துராக்கு. மருந்து எடுத்துக் கொடுப்பதெல்லாம் இயந்திரக் கைதான். ஆனாலும் அது பழுதானால் வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த வேலைக்குத்தான் ஆறு மாதமாக வகுப்புக்கு வந்தாள். வகுப்பில் நூற்றுக்கு நூறு. தேர்வு முடியும் முன்பே துடைப்பத்தை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டாள், அவ்வளவு நம்பிக்கை.

தேர்வறையில் கேள்வி கேட்கும் ஒரு திரையும் நாற்பது புட்டிகளும் இருந்தன. விரல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனது. எங்கே நிறுத்துவது என்று சொல்ல ஆளில்லை. மூன்றே மூன்று சரியாக வந்தன, அதுவும் குருட்டாம்போக்கில்.

நேரே கல்விக் கூடத்துக்குப் போனாள்.

"ஆறு மாசமா மொகத்தக் காட்டி மொகத்தக் காட்டி ஏமாத்திப்புட்டீகளே டீச்சர். எனக்கு எழுத்து வந்துருச்சுன்னுல நெனச்சேன்!"

ஜெசிந்தா ஒட்டுகளைப் பற்றிச் சொன்னாள். "சத்தியமா நானா செய்யலைக்கா. புருவம் தூக்குறதே எனக்குத் தெரியாது. நல்லாச் சொல்லிக் கொடுக்கிறேன்னுதான் நானும் நெனச்சேன்."

டீச்சர் திட்டியிருந்தால்கூட முத்துராக்குக்கு இவ்வளவு வலித்திருக்காது. எத்தனை நாள் வீட்டுக்குப் போய், டீச்சர் என்னைப் பார்த்து எப்படிச் சிரித்தாங்க தெரியுமா என்று சொல்லியிருப்பாள்!

"அந்தக் கருமத்தப் பிச்சுப் போடுங்க. மொதல்லருந்து சொல்லித் தாங்க."

ஜெசிந்தா ஒவ்வொன்றாக உரித்து மேசையில் வைத்தாள். "கண்டிப்பா வரும்க்கா. உங்களால முடியும்."

முத்துராக்கு அந்த முகத்தைப் பார்த்தாள். எழுத்து வராவிட்டால் என்ன, ஆறு மாதமாக அவள் இமை கொட்டாமல் படித்தது அந்த ஒன்றைத்தானே. உதட்டோரமும் கண்ணின் சிறு சுருக்கமும் அவளுக்கு மனப்பாடம். ஒட்டில்லாத முகம் அப்பட்டமாகச் சொன்னது: இந்த வயதில் இவளுக்கு எங்கே வரப்போகிறது. இன்று நினைத்ததல்ல அது. முதல் நாளிலிருந்தே நினைத்தது.

முத்துராக்கு மேசையிலிருந்த ஒட்டுகளை டீச்சர் பக்கமாகத் தள்ளினாள்.

"மறுபடி ஒட்டிக்கிருங்க டீச்சர்."