வெண்ணெய் மணக்கும் மூச்சு

புயல் வருகிறதென்று ஷாஜிங் தொழில்நகரம் முழுக்கத் தொழிற்சாலைகளை இழுத்து மூடியிருந்த பிற்பகலில், ஜன்னல் கண்ணாடிகளில் பெருக்கல் குறி போட்டு டேப் ஒட்டிவிட்டு உட்கார்ந்த யுன்சியாவுக்கு, மெல்லிய விசில் சத்தம் ஒன்று கேட்டது. இடுக்கில் காற்று நுழைகிறது என்று நினைத்து இன்னொரு சுற்று டேப் ஒட்டினாள். சமையலறைக்குப் போய்ப் பார்த்தாள். கெட்டில் ஆறிப்போய் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்தினாள். எந்த அறைக்குப் போனாலும் சத்தம் கூடவே வந்தது, அதேபோல் மெலிசாக, அதே நெருக்கத்தில்.

வெளியே காற்றே இன்னும் எழும்பவில்லை. எதிர்மாடியில் யாரோ எடுக்க மறந்த சட்டை அசையாமல் தொங்கியது.

அவளுக்கும் அவள் கணவன் கெங்வூவுக்கும் ஒரே கம்பெனியில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் மின்சிகரெட்டுகளுக்கு அவன் வாசனைச் சாறு கலப்பான். அவள் இழுத்துப் பார்ப்பாள். மாம்பழம், பச்சைத் திராட்சை, தர்பூசணி என்று நாள் முழுக்க இழுத்து, தொண்டையில் எப்படி இறங்குகிறது, நாக்கில் எது மிச்சம் நிற்கிறது என்று சொல்ல வேண்டும். கெங்வூவின் மூக்குக்கு முதலாளி கோயில் கட்டாததுதான் பாக்கி என்று எல்லோரும் கேலி பேசுவார்கள். வெண்ணெய்க் கஸ்டர்டு வாசனை அந்த மூக்கின் கைவண்ணம். சில மாதங்களாக அவளை அதைத்தான் இழுக்க வைத்தான், வீட்டிலும்கூட. முதலில் அவள் தயங்கியபோது, பேக்கரி ரொட்டியில் போடுகிற எசன்ஸ்தான், குழந்தைகூடத் தின்னலாம் என்று சிரித்தான். தின்னக்கூடியதை இழுக்கவும் செய்யலாம் என்றுதான் அந்தத் தொழிலில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். கட்டின புருஷன் சொல்லி நம்பாமல் வேறு யார் சொல்லி நம்புவது?

பிறகு இருமல் வந்தது. காய்கறிப் பையோடு மாடி ஏறினால் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கெங்வூ கல்கண்டு போட்டுப் பேரிக்காய் வேகவைத்துக் கொடுத்தான். அந்தப் பேரிக்காய்க்காகவே அவன்மேல் அவளுக்குப் பிரியம் கூடியது.

இப்போது மூச்சை அடக்கிப் பார்த்தாள். விசில் நின்றது. மூச்சை விட்டாள். மறுபடி வந்தது.

போன் மினுங்கியது. அவளுக்கு முன்னால் அதே நாற்காலியில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்த லிப்பிங் அக்கா. கல்யாணம் நிச்சயமாகி ஊருக்குப் போய்விட்டாள் என்று கெங்வூ சொல்லியிருந்தான். இருமலைப் பற்றிக் காலையில் யுன்சியா கேட்டதற்குக் குரலிலேயே பதில் அனுப்பியிருந்தாள். வார்த்தைக்கு வார்த்தை நடுவே விசில். இவளுக்குள் கேட்கும் அதே விசில்.

"உனக்கும் ஆரம்பிச்சிருச்சா... எனக்கு ஒண்ணும் கல்யாணம் இல்லடி... படுத்த படுக்கையாக் கிடக்கேன். அந்த வெண்ணெய் எசன்ஸ்தான் நுரையீரலைக் கெடுத்துருச்சு. டாக்டர் சொன்னதை உன் வீட்டுக்காரர்கிட்ட அப்பவே சொன்னேன்... தெரியும்னாரு. அவரு ஒரு நாளாவது இழுத்து... நீ பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. காகிதக் கீற்றைச் சாற்றில் நனைப்பான், மூக்கருகே ஆட்டுவான், கிளிப்பில் மாட்டிவிட்டுப் போவான். வாசனை எவ்வளவு நேரம் தங்குகிறது என்று திரும்பத் திரும்ப வந்து மோந்து பார்ப்பான். அதோடு சரி. பனிக்காலத்திலும் ஜன்னலைத் திறந்து வைத்து, அவளுக்கு முதுகைக் காட்டித்தான் படுப்பான். சூட்டுடம்பு என்று அவளே அவனைக் கிண்டல் செய்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கு மூச்சு போதவில்லை.

காற்று வந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. விளக்கு அணைந்தது. உள்ளறையில் சாறு கலந்துகொண்டிருந்த கெங்வூ வெளியே வந்தான். கையில் புது மின்சிகரெட்.

"லிப்பிங் அக்கா பேசினாங்க," என்றாள்.

அவன் அதை அவள் பக்கம் நீட்டினான். "புயல் நேரத்துல எதுக்கு மனசைப் போட்டு அலட்டிக்கற? இதுல வெண்ணெயைக் கொறைச்சிருக்கேன். ஒரே ஒரு இழுப்பு."

"நீங்க இழுங்க."

சிரித்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"என் மூக்கு கெட்டுப்போச்சுன்னா நமக்குச் சோறு எங்கேருந்து வரும்?"

ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்று அவள் கதவைப் பார்த்து நடந்தாள். நாலடி வைப்பதற்குள் நெஞ்சு இறுகியது. இழுத்த காற்று உள்ளே போகவில்லை. போனது வெளியே வரவில்லை. முழங்கால் மடிந்தது. தரை ஈரமாக இருந்தது. எங்கும் வெண்ணெய் வாடை. ரொட்டிக்கடை வாடை. தன் வாயிலிருந்துதான்.

"ஆம்புலன்ஸ்... கூப்பிடுங்க."

அவன் அருகில் வந்து உட்கார்ந்தான். போன் அவன் முழங்கால் பக்கம் கிடந்தது. தொடவில்லை. அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். நெற்றி முடியை ஒதுக்கினான். மோவாயைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினான். குனிந்தான்.

மூச்சு கொடுக்கப் போகிறான் என்று நினைத்தாள். அந்த நிமிஷத்திலும் அப்படித்தான் நினைத்தாள்.

அவன் வாய் இறுக மூடியிருந்தது. மூக்கு மட்டும் அவள் உதட்டருகே. அவளிடமிருந்து கொஞ்சம் காற்று வந்தது. அவன் லேசாக மோந்தான்.

"இன்னும் நிக்குது," என்றான், தனக்குள்.

முகத்தைத் திருப்பி நல்ல காற்றை ஒருமுறை இழுத்துக்கொண்டான். பிறகு மறுபடி குனிந்து, கண்ணை மூடி, அவளுடைய அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தான்.