அழிந்த அம்புக்குறி

"ஏனுங்க, என் அம்பு எங்கீங்க?"

சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு இல்மா நிமிர்ந்தாள். வாசலில் ஓர் இளைஞன். ஜூன் தூறலில் நனைந்த சட்டை... கோபத்தில் சிவந்த கண்கள்... கையில், நேற்று அவள் பளபளவென்று தேய்த்து வைத்திருந்த கருங்கல் துண்டு.

"அம்பா? வேட்டைக்குப் போறீங்களா?"

"கல்லு மேல மசியில அம்புக்குறி போட்டிருந்தேனுங்க. எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம்னு அதுதான் சொல்லும். அதையும் தேச்சுப்போட்டீங்களே!"

இல்மாவின் முகம் சுண்டியது. கோட்டைமேட்டில் அவள் அத்தா ஷேக் பரீத்தின் பட்டறைக்கு வருவதெல்லாம் காங்கயத்து நகைக்கற்கள். கறை இருந்தால் தேய்த்து எடுப்பதுதான் வழக்கம்.

அவன் சைமன், நிலவியல் ஆராய்ச்சி மாணவன். கல்லூரி இயந்திரம் பழுதானதால், கல்லை மெல்லிய சில்லாக இழைக்க இங்கே கொடுத்திருந்தான்.

"இது எரிமலைக் குழம்பு இறுகுன கல்லுங்க. கடலோர ஆத்துப் படுகையில, ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல துளை போட்டு எடுத்தது."

"ஆத்து மண்ணுக்கு அடியில எரிமலையா? கதை உடறீங்க!"

"பத்துக் கோடி வருசத்துக்கு முந்தி கண்டம் பிளந்துச்சுங்க. ஓரம் இழுபட்டுத் தரை கீழ எறங்க, விரிசல் வழியா நெருப்பு மேல வந்துச்சு. அப்புறம் ஆறுக மண்ணக் கொட்டி மூடிருச்சு."

சொல்லச் சொல்ல அவன் கோபம் கரைந்தது. அங்கேயே அவள் ஒரு சில்லை இழைத்துக் கொடுத்தாள், தலைமுடியை விட மெல்லியதாக... அவன் அதை வெளிச்சத்தில் பிடித்தான். கருங்கல்லுக்குள் ஒளி புகுந்தது. அதற்கு அப்பால் அவள் கண்கள்...

"இன்னும் ரெண்டு கல்லு இருக்குது. அம்பு பத்திரங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டாவது கல்லிலும் அம்பு அழிந்தது.

சைமன் மறுபடி வந்தான். மறுபடி சத்தம் போட்டான். இல்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ஆனால் அன்று அத்தா உள்ளே இருந்தார். யாரோ ஒருவன் தன் மகளிடம் குரல் உயர்த்துவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"கடைசிக் கல்லக் குடுத்துட்டுப் போங்க தம்பி. அதோட சரி."

அன்று மாலையே, தள்ளிப்போட்டு வந்த காரமடை வரனுக்குச் சம்மதம் சொல்லி அனுப்பினார். "சக்கரத்துல உக்காந்தது போதும் கண்ணு."

ஒரு மாதம் கழித்து சைமன் வந்தபோதும் தூறல். அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். இல்மாவின் கைகளில் மருதாணி.

"எப்போங்க?"

"நாளைக்குங்க."

இல்மா சாணைச் சக்கரத்தின் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

"முதல் அம்பு தெரியாம அழிச்சேனுங்க" என்றாள். "ரெண்டாவது... தெரிஞ்சேதான். அழிச்சா சண்டைக்கு வருவீங்கல்ல..."

சைமன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அந்த ரெண்டாவது கல்லுக்கு அம்பே தேவையில்லீங்க. குழம்பு ஆறும்போது காத்துக் குமிழி மேலதான் ஏறும். ஓட்டைகளப் பாத்தாலே மேல்பக்கம் தெரியும். தெரிஞ்சும்... உங்களப் பாக்கோணும்னுதான் சண்டைக்கு வந்தேன்."

அந்த ஒரு பொய்ச் சண்டை! அது அத்தாவின் காதில் விழாமல் இருந்திருந்தால்...

"அத்தாகிட்ட நான் பேசட்டுங்களா?"

"வேண்டாங்க. வாக்குக் குடுத்துட்டாங்க. அத ஒடைக்க என்னால முடியாது. ஆனா... உங்களப் புடிக்கும்னு சொல்லாமப் போகவும் முடியலீங்க."

துணியில் சுற்றிய கல்லை நீட்டினாள். பிரித்தான். ஒரு பக்கம் மட்டும் தேய்க்கப்படாமல் சொரசொரப்பாக இருந்தது. அதில் அவன் போட்ட அம்புக்குறி... மழையில் கரையாதபடி அதன் மேல் நகப்பூச்சு பூசியிருந்தாள்.

"இதுல பத்திரமா இருக்குதுங்க" என்றாள். "இனி நீங்க வர வேண்டியதில்லை..."