அவன் கட்ட மறுத்த பட்டை

"அதைக் கட்டிக்கிட்டு நான் வேலை பாக்க மாட்டேன் மேடம்!"

ஷிஜா நிமிர்ந்தாள். வெயிலில் கறுத்த முகம்... சண்டைக்கு நிற்கும் இரண்டு கண்கள்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பாதுகாப்பு அதிகாரியாக அவள் வந்த முதல் நாள். உடம்புச் சூட்டையும் நாடித்துடிப்பையும் அளந்து, ஆபத்தென்றால் அவளுடைய போனுக்குத் தகவல் அனுப்பும் கைப்பட்டைகளை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுத்தவன், கம்பி கட்டும் செல்வகணேஷ் ஒருவன்தான்.

"எதுக்கு வேண்டாம்?"

"எத்தனை தடவை தண்ணி குடிக்கேன், எங்க உக்காருதேன்னு பாப்பீங்க. அப்புறம் கூலில பிடிப்பீங்க."

"நான் அதுக்குச் சம்மதிக்க மாட்டேன், கேட்டோ?" அவள் தமிழில் மலையாளம் எட்டிப்பார்த்தது.

"இன்னைக்கு வந்தவங்களை எப்படி நம்ப?"

கோபம் வந்தது. ஆனால், அந்தச் சங்கரன்கோவில் தமிழ்... காதுக்கு இதமாகவும் இருந்தது.

பிறகு தினமும் அவனிடம் போய் நின்றாள்.

"சாரே, பட்டை?"

"நாளைக்கு."

"நாளைக்கு ஞாயிறல்லே?"

"அப்ப திங்கக்கிழமை!" சிரித்தான்.

ஒரு திங்கட்கிழமை அவனாகவே கையை நீட்டினான். "உங்க தொல்லை தாங்கல... கட்டுங்க."

கட்டினாள். இருவருமே முகம் பார்க்கவில்லை.

மார்ச் வெயில். பதினொரு மணிக்கே கம்பிகள் கொதித்தன. ஷிஜாவின் போன் அலறியது. திரையில் செல்வகணேஷின் பெயர்! ஐந்தாம் மாடிக்கு ஓடினாள்.

"ஒண்ணுமில்ல மேடம்... இன்னும் நாலே கட்டு..."

"விடுங்க அதை!" கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தாள். அடுத்த கணம் அவன் அவள் தோளில் சரிந்தான். ஈரத்துணி, தண்ணீர், ஆஸ்பத்திரி... பிழைத்தான்.

வேலைக்குத் திரும்பியவன் அவள் பக்கமே திரும்பவில்லை. அவள் வந்தால் வேறு மாடிக்குப் போய்விடுவான். என்ன வீம்பு இது?

ஒருநாள் மேனேஜர் வினீத் அவளை அழைத்தார். "யாரு யாரு அடிக்கடி ரெஸ்ட் எடுக்கறான்னு அந்த ரீடிங்க வெச்சுச் சொல்லு. கூலில குறைக்கணும்."

"தர மாட்டேன் சார். அது அவங்க உயிரைக் காக்க. கூலில பிடிக்கன்னு தெரிஞ்சா எல்லாரும் கழட்டி எறிவாங்க. அப்புறம் ஒருத்தர் விழுந்தா நீங்க பதில் சொல்வீங்களா? வேணும்னா என்னை வேலைய விட்டுப் பிரிச்சு விடுங்க."

வினீத் கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். கடைசியில், "சரி, விடு" என்றார்.

வெளியே வந்தாள். கதவருகே செல்வகணேஷ்! எல்லாம் கேட்டிருக்கிறான். வானம் கறுத்துக் கோடைமழை கொட்டத் தொடங்கியது. இருவரும் தகரக்கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள்.

"என்கிட்ட எதுக்குப் பிணக்கம்?"

"பிணக்கம் இல்ல... எல்லார் முன்னாலயும் உங்க தோள்ல விழுந்துட்டேன். வெக்கமா இருந்துச்சு. அதோட... நீங்க ஆபீசர்."

"எங்கம்மா போனக்காடு எஸ்டேட்ல தேயிலைக் கொழுந்து கிள்ளுறவங்க. அன்னைக்குப் படியேறி ஓடி வந்தது ஆபீசர் இல்ல, செல்வகணேஷ்..." அவள் கண்கள் நிறைந்தன. "நீங்க இல்லாமப் போயிட்டா என்ன செய்வேன்னு பயந்து ஓடி வந்தேன்."

அவன் ஓர் அடி அருகே வந்தான். பிறகு மெதுவாக, "எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும், ஷிஜா" என்றான். முதல் முறையாக, மேடம் இல்லாமல்.

"எந்தா? மழைச் சத்தத்துல கேக்கல."

கட்டடமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னான்.

முதலிலேயே அவளுக்குக் கேட்டிருந்தது.