தரையோரத்து ஜன்னல்கள்

மரத்தூள் படிந்த புதுத் தரையில், ஜன்னலுக்கு எதிரே, இரண்டு முழங்கைத் தடங்கள் இருந்தன.

மாடியேறி வந்த வீட்டுக்காரர் ஹார்லன் பீல்ஸ் முதலில் பார்த்தது அதைத்தான். யாரோ குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, வெளியே வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். கூரை சரிந்து இறங்கியதுபோக முன்பக்கச் சுவருக்கு மிஞ்சியது இரண்டரை அடிதான். இரண்டு ஜன்னல்களும் தரையை ஒட்டியே இருந்தன. படுத்தால்தான் வெளியே தெரியும். தச்சு வேலை செய்த வெர்னாவோ முட்டிவலிக்காரி, படுத்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும்.

"நான் கிளம்பறேன் ஹார்லன்," கீழேயிருந்து அவள் குரல் கொடுத்தாள். "கடைசியா கேக்கறேன், திறக்கிற ஜன்னலா மாத்திடலாமா? படுக்கற ரூம்னா ஆள் வெளிய வர்ற அளவுக்குத் திறக்கணும்னு சட்டமே இருக்கு."

"பேப்பர்ல சாமான் ரூம்னுதான் எழுதியிருக்கேன். நீ வாயைத் திறக்காம இரு, அது போதும்."

"நடீன் கதைக்கு அப்புறமுமா?"

கீழே வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நடீன் மூன்று குளிர்காலத்துக்கு முன் இந்த மாடியில் வாடகைக்குக் குடியிருந்தவள். குளிர் கடுமையான அந்த மெய்ன் மாநிலத்தில் அக்டோபர் வந்தால் ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கண்ணாடியை மாட்டுவார்கள். ஊரெல்லாம் கொக்கி போட்டு மாட்டும்; ஹார்லன் ஏணி வைத்து, வெளியிலிருந்து திருகாணி போட்டு முடுக்கிவிட்டார். திறக்க முடியவில்லை என்று நடீன் இரண்டு முறை வந்து சொன்னாள். "ஏன், பறந்து போகப் போறியா?" என்று சிரித்தார். ஜனவரியில் கீழே அடுப்பிலிருந்து தீப்பிடித்தது; ஜன்னலைத் திறக்க முடியாமல் நடீன் இங்கேயே செத்துப்போனாள். விசாரிக்க வந்தவர்களிடம், குளிர் தாங்காமல் அவளே ஏணி வைத்து முடுக்கிக்கொண்டாள் என்று கூசாமல் சொன்னார். அவள் வெளியூர்க்காரி, ஊர் நம்பிவிட்டது. பாவி மனிதர், அதற்குப் பிறகும் நன்றாகத்தான் தூங்கினார்.

காலால் தேய்த்துத் தடத்தை அழித்தார். மணி நான்குதான், ஆனாலும் நவம்பர் வெளிச்சம் மரங்களுக்குப் பின்னே வடிந்துகொண்டிருந்தது. பைன் பலகையின் வாசனைக்கும் பெயின்ட் நெடிக்கும் அடியில், நனைந்த கரியின் பழைய நாற்றம் மெல்ல எழுந்து அவர் மூக்கில் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கிர்ர்ர். மரத்துக்குள் திருகாணி இறங்கும் சத்தம். அவசரமே இல்லாமல், கையால் முடுக்குவது. முதல் ஜன்னலுக்கு வெளியே.

வெளியே ஏணி இல்லை. வெர்னா அதைக் காலையிலேயே வண்டியில் ஏற்றிவிட்டாள்.

நான்கு முறை. பிறகு இரண்டாவது ஜன்னல். அங்கேயும் நான்கு.

பிறகு மாடிப்படியின் அடியில்.

தடதடவென்று இறங்கினார். படிக்கட்டுக் கதவு அசையவில்லை. தோளால் மோதினார். சட்டென்று ஏதோ குத்தியது. கதவின் இந்தப் பக்கம் நான்கு திருகாணி முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. நான்கும் சூடாக இருந்தன.

கதவிடுக்கில் புகை.

"யாரது?"

அந்தப் பக்கம் ஒரு பெண் மெதுவாகச் சிரித்தாள். "ஏன், பறந்து போகப் போறீங்களா?"

மேலே ஓடினார். பலகைச் சந்துகளிலெல்லாம் புகை. நிமிர்ந்தால் மூச்சில்லை. குப்புறப் படுத்தார். கண்ணாடியைக் குத்தினார். கையை ஓங்க இடமில்லை. ஓங்கினால் சாய்ந்த கூரை இடித்தது. காலால் உதைக்கத் திரும்பினார். இருமல் மடக்கிப்போட்டது. மறுபடி ஜன்னலுக்கே ஊர்ந்தார். இரட்டைக் கண்ணாடி. கீறல்கூட விழவில்லை.

கீழே வெர்னாவின் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. கடைசிப் பெட்டியைத் தூக்கி வைத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெர்னா!"

அவள் முகம் மலர்ந்தது. மனிதர் படுத்துக்கொண்டே அழகு பார்க்கிறார் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கையை ஆட்டினாள்.

"வெர்னா! கதவு! கதவை..."

அவள் பார்வை அவரை விட்டு நகர்ந்தது. பக்கத்து ஜன்னலுக்குப் போனது. ஒரு கணம் கண்ணைச் சுருக்கினாள். பிறகு அங்கேயும் சிரித்து, மரியாதையாக ஒருமுறை கையாட்டிவிட்டு, வண்டியில் ஏறினாள்.