முன்னால் போட்ட பூஜ்யம்

செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டு. மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் ஒருவன் சட்டென்று திரும்ப, மாரிசெல்வியின் பை கவிழ்ந்தது. கடைக்காரர் திருப்பிக் கொடுத்த நாற்பது பெல்ட்டுகள்... படியெங்கும்.

"பாத்துத் திரும்ப மாட்டீங்களா?"

"ஸாரி..." அவன் பொறுக்கிக் கொடுத்தான். நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள். ரசிக்கும் நிலையில் அவள் இல்லை.

"சின்னதா இருக்கே... குழந்தைங்களுக்கா?"

"முப்பத்தாறு இஞ்ச் கேட்டா மிஷின் முப்பது வெட்டுது. முப்பத்தெட்டுன்னா எண்ணே தப்புன்னு நின்னுருது. லிஸ்ட் எழுதுனது நானாம், தப்பும் என்னோடதாம். நாளையோட வேலை போயிரும். அந்த புரோகிராம் எழுதுன மூதேவி மட்டும் கையில கெடச்சான்..."

அவள் கையிலிருந்த அளவுப் பட்டியலை அவன் வாங்கிப் பார்த்தான். 034, 036, 038.

"முன்னால எதுக்கு ஜீரோ?"

"வேற யாரும் முன்னால ஒண்ணு சேத்துரக்கூடாதுல்லா. தாராவியில எங்க பட்டறை வழக்கம்."

"அந்த மூதேவி... நான்தான். நிகில்." தொண்டையைச் செருமினான். "ஜீரோல ஆரம்பிச்சா மிஷின் எட்டோட கணக்குன்னு எடுத்துக்கும், பத்துப் பத்தா எண்ணாம எட்டெட்டா எண்ணும். முப்பத்தாறுல மூணுக்கு மூவெட்டு இருபத்துநாலு, கூட ஆறு... முப்பது. அந்தக் கணக்குல ஏழு வரைக்கும்தான், எட்டுங்கிற எண்ணே கிடையாது, அதான் நின்னிருக்கு. பழைய புரோகிராம் மொழிகள்ல இதான் ரூல். மேனுவல்ல நாப்பத்தொண்ணாம் பக்கம் இருக்கு."

"அப்ப தப்பு யாரோடது?"

"டெக்னிக்கலா... உங்க லிஸ்ட்லதான்."

அவள் பையைத் தூக்கிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை, தாராவிப் பட்டறை வாசலில் லேப்டாப்போடு அவன். முதலாளி இசக்கிப்பாண்டி நிமிர்ந்தார்.

"தப்பு என்னோடது சார். நீங்க எப்படி எழுதுவீங்கன்னு கேக்காமலே ரூல் போட்டுட்டேன். இனி முன்னால எத்தனை ஜீரோ இருந்தாலும் சாதா எண்தான். எட்டோட கணக்கு வேணும்னா தனியா அடையாளம் போடணும்."

மிஷின் 038-ஐ வெட்டியது. இசக்கிப்பாண்டி டேப் வைத்துப் பார்த்தார். சரியாக முப்பத்தெட்டு.

"சரி புள்ள, போய் அடுத்த லிஸ்ட்ட எழுது," என்று உள்ளே போனார். மன்னிப்பெல்லாம் அவர் அகராதியில் இல்லை.

மாரிசெல்வி நிகிலை முறைத்தாள். "இத ஆன்லைன்ல அனுப்பிருக்கலாமே... இவ்வளவு தூரம் எதுக்கு?"

"அனுப்பிருக்கலாம்..." கண்ணாடியைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "நேத்து நீங்க திரும்பிப் பாக்காமப் போனீங்க. தாங்கல. உங்களப் பிடிச்சிருக்கு."

"நேத்தே சொல்லித் தொலச்சிருக்கலாம்லா..." அவள் குரல் இறங்கியது. "ராத்திரி பூரா உங்களத் திட்டிக்கிட்டே கெடந்தேன். ஒரு பொட்டுத் தூக்கமில்ல."